எரிக்கப் போன ஏர்க்காலில் பயிர் காக்கும் வில்

சோளம் பால் பிடிக்கும் நாள்கள் மானாவாரி விவசாயியின் தூக்கத்தைக் கெடுக்கும் நாள்கள். உழுது, விதைத்து, களை எடுத்து, வானத்தைப் பார்த்துக் காத்திருந்து வளர்த்த பயிர் கதிர் தள்ளியதும் கிளியும் குருவியும் கூட்டமாக வந்து இறங்கும். பொழுது புலர்ந்ததிலிருந்து ஒன்பது மணி வரையிலும், பிறகு மாலை மூன்று மணிக்குத் தொடங்கி இருட்டும் வரையிலும் அவற்றின் வேலை மும்முரமாக நடக்கும். கிளி தின்பது பாதி என்றால், கொத்தி உதிர்ப்பது பாதி.

முன்பெல்லாம் ஊர் முழுவதும் சோளமும் கம்பும் விதைத்தார்கள். பறவைகள் எல்லாக் காடுகளிலும் பிரிந்து மேய்ந்தன. சேதமும் ஊருக்கெல்லாம் பங்காயிற்று. இன்று சுற்றிலும் பருத்தியும் மரவள்ளியும் நிற்க, நடுவில் ஒருவர் மட்டும் ஒரு ஏக்கர் சோளம் போட்டால், அந்த வட்டாரத்துப் பறவைகள் அத்தனைக்கும் அது ஒன்றே பந்தியாகி விடுகிறது. 2023-ஆம் ஆண்டை உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு சிறுதானியத்தின் பெருமையைப் பேசாதவர் இல்லை. ஆனால் கதிரைக் காக்க ஆள் இல்லாமல் அந்தப் பயிரையே கைவிட்ட சிறு விவசாயிகள் உண்டு.

கூலிக்குக் காவல் ஆள் வைத்தால் விளைச்சலில் பாதி கூலிக்கே போய்விடும். ஆகவே வீட்டில் உள்ள பிள்ளையைப் பரணில் ஏற்றுகிறார்கள். அந்த நாள்களில் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயருக்கு நேரே கட்டங்கள் காலியாகவே இருக்கும். வயதான பெரியவரை அனுப்பினாலோ, காட்டின் இந்தக் கோடியில் விரட்டிய குருவி அந்தக் கோடியில் போய் உட்காரும். அங்கும் இங்கும் ஓட அவருக்குக் காலில் வலு ஏது?

பரணில் இருந்தபடியே காட்டின் மறுகோடியில் சத்தம் எழுப்ப ஒரு கருவி இருந்தால் இந்தக் கஷ்டம் பாதி குறையும். அந்தக் கருவி நமக்குப் புதியதும் அல்ல. அதுதான் உண்டைவில்.

மறந்து போன காவல் கருவி

உண்டைவில் என்றதும் கவட்டைக் கம்பில் ரப்பர் பட்டை கட்டிய உண்டிகோலை நினைக்க வேண்டாம். இது நாண் பூட்டிய உண்மையான வில். அம்புக்குப் பதிலாகக் களிமண் உருண்டையை எறியும். நாண் இரட்டையாக இருக்கும். நடுவில் உருண்டை வைக்க ஒரு சிறு துணிப்பட்டை இருக்கும். வட இந்தியாவில் இதே கருவியைக் 'குலேல்' என்கிறார்கள்.

தினைப்புனம் காத்தல் நம் நாட்டில் மிகப் பழைய தொழில். கிளி விரட்டும் தழல், தட்டை, குளிர் ஆகிய கருவிகளைக் குறிஞ்சிப்பாட்டு குறிப்பிடுகிறது. சிறு வயதில் இராமன் எறிந்த வில் உண்டையை மந்தரை மனத்தில் வைத்திருந்தாள் என்று கம்பன் சொல்கிறான். அந்த அளவுக்கு வீட்டுப் பிள்ளைகள் கையில் புழங்கிய பொருள் இது.

கடையில் இத்தகைய வில் கிடைப்பது அரிது. ஆனால் அதற்கு வேண்டிய மரம் பெரும்பாலான விவசாயிகளின் வீட்டுப் பரணிலும் மாட்டுக் கொட்டகையிலும் கிடக்கிறது. டிராக்டர் வந்தபின் தொடப்படாத ஏர்க்கால், சக்கரம் கழன்ற மாட்டு வண்டியின் சட்டங்கள், ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போட்டபோது இறக்கி வைத்த தேக்குச் சட்டம், பழைய மூங்கில் உத்திரம் இவையெல்லாம் வெந்நீர் அடுப்புக்கு ஒவ்வொன்றாகப் போய்க் கொண்டிருக்கின்றன. பல ஆண்டுகள் நிழலில் கிடந்து ஈரம் வற்றிய மரத்தை இனி எந்த மரக்கடையில் தேடுவது? எரிப்பதற்கு முன் ஒரு துண்டை ஒதுக்கி வைத்தால் அது பயிருக்குக் காவலாகும்.

இரண்டை ஒட்டுவது ஏன்?

ஒரே மரத்தைச் செதுக்கியும் வில் செய்யலாம். ஆனால் பழைய மரத்தில் அது பெரும்பாலும் முறிந்துவிடும். காரணம் எளியது.

வில்லை வளைக்கும்போது அதன் வெளிப்புறம், அதாவது குறியைப் பார்க்கும் பக்கம், இழுபட்டு நீள முயலும். இதை முதுகு என்று வைத்துக் கொள்வோம். எய்பவரைப் பார்க்கும் உட்புறம் நெருக்கப்பட்டுச் சுருங்க முயலும். இதை வயிறு என்போம். அறுத்த சட்டத்தில் மரத்தின் இழைகள் நுனி முதல் அடி வரை தொடர்ச்சியாக ஓடுவது அபூர்வம். இடையில் எங்காவது இழை பக்கவாட்டில் வெளியேறியிருக்கும். முதுகு இழுபடும்போது அந்த இடத்தில்தான் சிம்பு எழும்பி வில் இரண்டாகும்.

மூங்கிலில் இந்தக் குறை இல்லை. அதன் தோலை ஒட்டிய பகுதியில் நார்கள் நெருக்கமாக, நீளவாக்கில் ஓடுகின்றன. இழுவையைத் தாங்குவதில் அதற்கு நிகர் அரிது. ஆகவே முதுகில் மெல்லிய மூங்கில் பட்டையும், வயிற்றில் உறுதியான மரமும் வைத்து ஒட்டினால் ஒன்றின் குறையை மற்றொன்று மறைக்கும். ஜப்பானியர் தம் நீண்ட வில்லை முன்னும் பின்னும் மூங்கில், நடுவில் மரம் என்று ஒட்டியே செய்கிறார்கள். துருக்கியர் நடுவில் மரமும், முதுகில் விலங்கின் தசைநாரும், வயிற்றில் எருமைக் கொம்பும் வைத்து ஒட்டினார்கள். எல்லாவற்றிலும் தத்துவம் ஒன்றே.

மரம் தேர்வு

வில்லின் நீளம் 5 அடி. ஆகவே 5 அடிக்குக் குறையாத, ஒன்றரை அங்குல அகலமுள்ள துண்டு வேண்டும். கருவேலம், தேக்கு, வேங்கை ஆகியவை ஏற்றவை. என்ன மரம் என்பதைவிட எப்படிப்பட்ட துண்டு என்பதே முக்கியம்.

முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். நீளவாக்கில் இழை நேராக ஓடுகிறதா, கணு இருக்கிறதா, வண்டு துளைத்த ஓட்டைகள் உள்ளனவா என்று பார்க்கவும். ஓட்டையிலிருந்து மாவு போலத் தூள் கொட்டினால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுவது நலம். கருநீலக் கறை தெரிந்தால் உள்ளே ஆணி முறிந்து கிடக்கலாம். பழைய ஒலிபெருக்கியில் உள்ள காந்தத்தை மரத்தின் மேல் நகர்த்திப் பார்த்தால் ஆணி இருக்கும் இடம் தெரிந்துவிடும். ஆணியைப் பிடுங்கிய துளையும் வில்லுக்கு ஆகாது. அந்த இடத்தைத் தவிர்த்தே அறுக்க வேண்டும்.

இரண்டாவதாக, முறித்துப் பார்க்க வேண்டும். அதே மரத்திலிருந்து ஒரு அடி நீளம், அரை அங்குல அகலம், ஒரு நூல் கனத்தில் ஒரு சிறு பட்டை அறுத்து, மெதுவாக வளைத்து முறிக்கவும். (தச்சர் கணக்கில் 8 நூல் ஓர் அங்குலம்.) நீண்ட சிம்புகளாகப் பிளந்து, விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு முறிந்தால் மரத்தில் உயிர் இருக்கிறது. முறுக்கு ஒடிவது போல் 'படக்'கென்று குறுக்கே ஒடிந்தால் அது அடுப்புக்குத்தான் லாயக்கு. நெடுங்காலம் தகரக் கூரையின் அடியில் வெந்த சட்டங்களிலும், உள்ளே உளுத்த மரங்களிலும் இந்தக் குறை இருக்கும். பார்ப்பதற்கு அழகான தேக்கும் இந்தச் சோதனையில் தோற்பது உண்டு. அழகில்லாத ஏர்க்கால் வென்றுவிடுவதும் உண்டு.

மூங்கில் நல்ல பருமனானதாக இருக்க வேண்டும். குறுக்களவு 4 அங்குலத்துக்குக் குறைந்தால் பட்டை மிகவும் வளைந்து, ஒட்டுவதற்குத் தட்டையான பரப்புக் கிடைக்காது. சமையலறைக் கூரையில் புகை குடித்துக் கறுத்த மூங்கில் கிடைத்தால் அது பாக்கியம். புகை ஏறிய மூங்கிலில் வண்டு எளிதில் இறங்காது. தோலில் வெடிப்பும் வெட்டுக்காயமும் இல்லாத பகுதியாகப் பார்த்து எடுக்கவும். புதிய மூங்கில்தான் கிடைக்கிறது என்றால், பிளந்து ஓடும் நீரிலோ கிணற்றுத் தொட்டியிலோ சில வாரங்கள் ஊறவிட்டு, நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே எடுத்துக்கொள்ள வேண்டும். ஊறும்போது வண்டுக்குத் தீனியான மாவுச்சத்து கரைந்து போகும்.

பழைய கதவு, சன்னல் மரமானால் மேலே உள்ள வண்ணப்பூச்சைத் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கலாம். அந்தத் தூளைக் குழந்தைகளும் கோழியும் நடமாடும் இடத்தில் கொட்டக் கூடாது.

அறுத்து இழைத்தல்

மரத்தை ஒன்றேகால் அங்குல அகலத்தில், நடுவில் 4 நூல் கனமும் இரு நுனிகளில் 3 நூல் கனமும் வரும்படி இழைக்க வேண்டும். ஒட்டும் பக்கம் கண்ணாடி போல் சமமாக இருக்க வேண்டும். இதற்கு இழைப்புளியும் ஒரு கைத்தேர்ந்த தச்சரின் அரைமணி நேரமும் போதும்.

மூங்கில் பட்டையையும் அதே அகலத்தில் பிளந்து, உட்புறத்தை மட்டும் இழைக்கவும். நடுவில் ஒரு நூல் கனம் இருந்தால் போதும். விளிம்புகள் அதைவிட மெல்லியதாக இருக்கும். மூங்கில் கனமாக இருந்தால் வில்லுக்கு வலு கூடும் என்று நினைப்பது தவறு. முதுகு மிகவும் பலசாலியாகிவிட்டால் வயிற்று மரம் நெருக்கம் தாங்காமல் நசுங்கிவிடும். தோல் பக்கத்தில் உளியோ அரமோ படவே கூடாது. கணுக்களில் உள்ள மேட்டை மட்டும் உப்புத்தாளால் மெல்லத் தடவி விடலாம்.

இரண்டையும் ஒட்டும் முன், ஒட்டும் பரப்புகளை உடைந்த இரும்பறுக்கும் ரம்பத்தின் பல்லால் நீளவாக்கில் கீறிவிட வேண்டும். வழுவழுப்பான பரப்பில் பசை பிடிக்காது. கீறிய தூளைத் துடைத்த பிறகு எண்ணெய்க் கையோ வியர்வைக் கையோ அங்கே படக்கூடாது.

பசையும் கட்டும்

நாற்காலி மேசைக்குத் தச்சர்கள் பூசும் வெள்ளைப் பசை இதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. காட்டு வெயிலில் சூடேறினால் அது இளகும். நாளும் வளைந்து நிமிரும் பொருளில் இரு பட்டைகளும் ஒன்றின்மேல் ஒன்று சிறிது சிறிதாக வழுக்கிவிடும். பிசின், இறுக்கி என இரண்டு குழாய்களில் வந்து, கலந்து பூசும் எபாக்சி பசையே ஏற்றது. உறையில் எழுதியுள்ள அளவுப்படி சரியாகக் கலக்கவும். 'கொஞ்சம் இறுக்கி கூடப் போட்டால் சீக்கிரம் பிடிக்கும்' என்ற கணக்கு இதில் செல்லாது. கையில் ஒட்டாமல் பாலித்தீன் பையை மாட்டிக்கொள்வது நலம்.

இரு பரப்புகளிலும் பசை பூசி, மூங்கில் மேலே இருக்கும்படி ஒரு நீண்ட பலகையின் மேல் வைக்கவும். இரு நுனிகளுக்கும் அடியில் ஒன்றரை அங்குல உயரக் கட்டை கொடுத்து, நடுவை அழுத்திப் பலகையோடு கட்டவும். இப்படி ஒட்டினால் நாண் இல்லாதபோது வில் எதிர்ப்புறமாகச் சற்று வளைந்தே நிற்கும். நாண் பூட்டும்போது அந்த வளைவை மீறி இழுக்க வேண்டியிருப்பதால் வில்லுக்கு முறுக்கு கூடும். ஒட்டி அடுக்கும் முறையில் கிடைக்கும் தனி லாபம் இது.

இறுக்கிக் கட்டப் பட்டறைக் கவ்விகள் பல வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். தேய்ந்த சைக்கிள் டியூபை ஓர் அங்குல அகல நாடாவாக நீளமாக வெட்டி, ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை இழுத்து நெருக்கமாகச் சுற்றினால் போதும். அழுத்தம் எங்கும் ஒரே சீராக விழும். எபாக்சியை அளவுக்கு மீறி நெருக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கி, இடையில் ஒன்றும் மிஞ்சாது. பலகையில் வில் ஒட்டிக் கொள்ளாதபடி இடையே பாலித்தீன் தாள் விரிப்பது அவசியம். ஒரு முழு நாள் நிழலில் அசையாமல் கிடக்கட்டும்.

கட்டைப் பிரித்த பிறகு, வயிற்றுப் பக்கம் நடுவில் 8 அங்குல நீளம், 6 நூல் கனமுள்ள ஒரு கட்டையை ஒட்டவும். இதுவே பிடி. அதன் இரு முனைகளும் சரிவாகத் தேய்ந்து மரத்தோடு கலக்க வேண்டும். பிடி வளையக்கூடாது. அதற்கு இருபுறமும்தான் வளைய வேண்டும்.

அடுத்து, பிடியிலிருந்து பாதி தூரம் வரை ஒன்றேகால் அங்குல அகலத்தை விட்டுவிட்டு, அங்கிருந்து நுனியை நோக்கிக் குறுக்கி, நுனியில் அரை அங்குலம் நிற்கும்படி இரு பக்கங்களையும் செதுக்கவும். நுனியிலிருந்து முக்கால் அங்குலம் தள்ளி, நாண் மாட்ட இருபுற விளிம்புகளிலும் அரத்தால் சிறு வெட்டுப் போடவும். இதற்குக் குதை என்று பெயர். முதுகுத் தோலில் வெட்டக்கூடாது.

வளைவு பார்த்தல்

வில் செய்வதில் முக்கால் பங்கு வேலை இதுதான். பொறுமை இல்லாதவர்கள் வில்லை முறிக்கும் இடமும் இதுதான்.

ஒரு கம்பத்தின் கவட்டில் வில்லின் பிடியை முதுகு மேலே இருக்கும்படி வைத்து, தளர்ந்த நீளக் கயிற்றை இரு குதைகளிலும் மாட்டிக் கீழே தொங்க விடவும். கயிற்றின் நடுவைச் சிறிது இழுத்துவிட்டு, எட்டி நின்று பார்க்க வேண்டும். இரு பாதிகளும் தராசுத் தட்டுகள் போல் ஒரே மாதிரி வளைகின்றனவா? எந்த இடம் விறைப்பாக நிற்கிறதோ அங்கே கரித்துண்டால் குறி போட்டு, வயிற்றுப் பக்கத்தில் மட்டும் சுரண்டவும். உடைந்த கண்ணாடித் துண்டு இதற்கு நல்ல கருவி. இழைப்புளி போல் ஒரேயடியாக எடுக்காமல் பூவாகச் சுரண்டும். கையைக் கிழிக்காமலிருக்கத் துணி சுற்றிப் பிடிக்கவும்.

எந்த இடம் அதிகம் வளைகிறதோ அதைத் தொடாமல், மற்ற இடங்களை அதற்குச் சமமாக இளக்க வேண்டும். ஒவ்வொரு முறை சுரண்டிய பின்னும் முப்பது தடவை மெல்ல இழுத்து விட வேண்டும். சுரண்டியதன் பலன் அப்போதுதான் தெரியும். முதல் நாள் 5 அங்குலம், பிறகு 10, பிறகு 15 என்று படிப்படியாகவே இழுக்கவும். கொம்பு வண்டியில் கன்றைப் பழக்குவது போல்தான் இதுவும். முதல் நாளே முழுப் பாரம் ஏற்றினால் கன்றும் கெடும், வண்டியும் கெடும்.

இருபுறமும் ஒத்து வந்ததும் குறைந்த நீள நாண் பூட்டலாம். நாணுக்கும் பிடிக்கும் இடையே 6 அங்குலம் இருந்தால் சரி. நாணின் நடுவில் 10 கிலோ நெல் கட்டிய பையை மெதுவாகத் தொங்கவிட்டால், பிடியிலிருந்து 20 முதல் 22 அங்குலம் வரை நாண் இறங்க வேண்டும். அதற்குக் குறைவாக இறங்கினால் வில் இன்னும் விறைப்பு. முழு நீளத்துக்கும் சீராகச் சுரண்டவும். வயதானவர் கைக்கு 8 கிலோவே போதும். பறவைக் காவலுக்கு வீரர் வில் தேவையில்லை.

நாணும் உருண்டையும்

பழங்காலத்தில் வேலியோரம் வளரும் மருள் செடியின் நாரில் நாண் திரித்தார்கள். ஆங்கிலத்தில் அச்செடிக்கு 'வில்நாண் சணல்' என்ற பொருளிலேயே பெயர் வழங்குகிறது. பொறுமை உள்ளவர் இன்றும் திரிக்கலாம். இல்லையேல் நீளாத பாலியெஸ்டர் நூலைப் பல புரியாக முறுக்கிக் கொள்ளலாம். நைலான் கயிறு இழுக்க இழுக்க நீளும். ஆகவே அதைத் தவிர்ப்பது நலம்.

நாண் இரண்டு இழையாக, ஒன்றுக்கொன்று அரை அங்குல இடைவெளியில் ஓட வேண்டும். இடைவெளி கூடாமலும் குறையாமலும் இருக்க, நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளி இருபுறமும் சிறு மூங்கில் குச்சிகளைக் குறுக்கே வைத்துக் கட்டவும். சரியாக நடுவில் முரட்டுத் துணிப் பட்டையை இரு இழைகளுக்கும் இடையே தைத்தால் உருண்டை உட்காரும் தொட்டில் தயார்.

உருண்டைக்குக் கண்மாய்க் களிமண் போதும். கோலிக்குண்டு அளவில் உருட்டி நிழலில் உலர்த்தவும். சூளையில் சுட வேண்டாம். சுடாத உருண்டை தகரத்தில் பட்டதும் தூளாகும். மழையில் கரைந்து மண்ணோடு மண்ணாகும். கல்லையும் இரும்புக் குண்டையும் இதில் வைப்பது பெரும் தவறு. அவை மனிதருக்கும் மாட்டுக்கும் ஆபத்து.

குறி பறவை அல்ல, தகரம்

இந்த வில்லால் பறவையை அடிக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவையைக் கொல்வது மட்டுமல்ல, காயப்படுத்துவதும் வேட்டையாகும். மயில் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்க, கதிரைக் கொத்தும் குருவிகளில் பல, குஞ்சு பொரிக்கும் காலத்தில் புழுவையும் பூச்சியையும் பிடித்தே குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. ஒரு பருவத்தில் கூலி இல்லாமல் பூச்சி பிடித்த ஆளை அடுத்த பருவத்தில் அடித்துக் கொல்வது விவசாயிக்கு நியாயமாகாது.

ஆகவே காட்டின் உட்புறமாக, வரப்புகளில் நான்கைந்து இடங்களில் கம்பு நட்டு, அகலமான பழைய கூரைத் தகரத் துண்டுகளைத் தொங்க விட வேண்டும். பரணிலிருந்து முப்பது நாற்பது தப்படிக்குள் இருந்தால் பழகிய கை தவறாது. கூட்டம் எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கத்துத் தகரத்தை அடித்தால் போதும். 'டங்'கென்ற சத்தத்தில் கூட்டம் எழும்பிவிடும். பெரியவர் பரணை விட்டு இறங்க வேண்டியதில்லை.

பறவை புத்திசாலி. ஒரே இடத்துச் சத்தம் நாலு நாளில் பழகிவிடும். ஆகவே தகரங்களை இரண்டு மூன்று நாளுக்கொரு முறை இடம் மாற்ற வேண்டும். இடையிடையே பளபளக்கும் நாடாக்களையும் கட்டலாம். முக்கியமாக, கதிர் பால் பிடிக்கத் தொடங்கும் முதல் நாளே காவலைத் தொடங்க வேண்டும். ருசி கண்ட கூட்டத்தை விரட்டுவது கடினம். பக்கத்துக் காட்டுக்காரரும் சேர்ந்து ஒரே வாரத்தில் விதைத்தால், ஒரே காட்டில் பறவை குவிவது குறையும். வில் தானாகக் காவல் காக்காது. காவல் காப்பவரின் காலுக்கு ஓய்வு கொடுக்கும், அவ்வளவே.

எய்யும் முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. அம்பு வில்லின் பக்கவாட்டில் செல்லும். உருண்டையோ நேரே பிடியையும் கட்டை விரலையும் நோக்கி வரும். ஆகவே விடும் அதே கணத்தில் வில் பிடித்த மணிக்கட்டைச் சற்று வெளிப்புறமாகத் திருப்பி, உருண்டைக்கு வழி விட வேண்டும். இது கைவரும் வரை ஈரக் களிமண் உருண்டையை வைத்துக் கால்பங்கு மட்டும் இழுத்துப் பழகவும். விரலில் அடிபட்டாலும் சேறு மட்டுமே தெறிக்கும். உருண்டை வைக்காமல் வெறும் நாணை இழுத்து விடக்கூடாது. போக வேண்டிய விசையெல்லாம் வில்லுக்குள்ளேயே திரும்பி அதை முறிக்கும்.

பாதை இருக்கும் பக்கம், வீடு இருக்கும் பக்கம் தகரம் கட்டக்கூடாது. மனிதரை நோக்கி விளையாட்டுக்கும் நீட்டக்கூடாது. ஒரு பிள்ளை விளையாட்டாக விட்ட உண்டை ஒருத்தியின் மனத்தில் கிடந்து எதில் போய் முடிந்தது என்பதை நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

குறையும் காரணமும்

மூங்கில் முதுகில் சிம்பு எழும்பினால், தோலில் முன்பே கீறல் இருந்திருக்கும், அல்லது கணுவை அதிகம் தேய்த்திருப்பார்கள். அந்த வில்லை மேலும் இழுக்காமல் நிறுத்திவிட வேண்டும். வயிற்றில் குறுக்காக மெல்லிய சுருக்கக் கோடுகள் தோன்றினால், அந்த இடம் அளவுக்கு மீறி வளைகிறது என்று பொருள். அதற்கு இருபுறமும் சுரண்டிப் பாரத்தைப் பகிர்ந்து கொடுத்தால் சில வேளை பிழைக்கும். ஒட்டு விட்டால், பசையைச் சரியாகக் கலக்கவில்லை, அல்லது மரம் காயவில்லை. வில் ஒரு பக்கமாக முறுக்கினால், நாண் வெட்டுகள் நேருக்கு நேர் இல்லை.

முதல் வில் முறிவது சகஜம். முறிந்த இடத்தைக் கூர்ந்து பார்த்தால் இரண்டாவது வில்லுக்கு வேண்டிய பாடம் அதிலேயே இருக்கும். முறியும் மரம் சிம்புகளை வீசும். ஆகவே வளைவு பார்க்கும்போது குழந்தைகளை எட்ட நிறுத்தி, முகத்தைக் கிட்டக் கொண்டு போகாமல், கயிற்றால் தூரத்திலிருந்தே இழுக்க வேண்டும்.

முடித்த வில்லுக்கு ஆளிவிதை எண்ணெயோ வார்னிஷோ பூசவும். வேலை முடிந்ததும் நாணைக் கழற்றி, சுவரில் இரண்டு முளைகளின் மேல் படுக்கை வாட்டத்தில் வைக்கவும். இரவும் பகலும் நாண் பூட்டியே கிடந்தால் வில் சோம்பேறியாகும். மூலையில் சாய்த்து வைத்தாலும் அடுப்புப் பக்கம் வைத்தாலும் கெடும்.

சித்திரை, வைகாசியில் காட்டில் வேலை குறைவு. மரமும் அப்போது நன்றாக உலர்ந்திருக்கும். ஒரு வாரத்து ஓய்வு நேரம் ஒதுக்கினால் சோளம் கதிர் விடும்போது வில் தயாராக இருக்கும். வாங்க வேண்டியது பசையும் நூலும் உப்புத்தாளும் மட்டுமே.

இந்த முறை வெந்நீர் அடுப்புக்கு விறகு தேடி மாட்டுக் கொட்டகைப் பரணில் ஏறும்போது, ஏர்க்காலை இழுத்துப் போடுமுன் ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். பாட்டன் காலத்தில் அந்தக் காட்டை உழுத மரம் அது. எரித்தால் ஒரு வேளைக்கு வெந்நீர். வில்லாக்கினால் அதே காட்டின் கதிரைக் காக்கும். பரணில் பெரியவர் உட்கார்ந்திருப்பார், பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும்.